யாருடைய காதால் கேட்கிறோம்?

ஒரு கை வெடிகுண்டின் கடிகாரத்தைத் திருகுகிறது. அந்த ஆள் ஓடிப்போய்த் திறந்த கார் ஒன்றின் பின்பெட்டிக்குள் அதை வைத்துவிட்டு மறைகிறான். எதுவும் அறியாமல் ஓர் ஆணும் பெண்ணும் வந்து ஏறி வண்டியைக் கிளப்புகிறார்கள். கேமரா கிரேனில் உயர்ந்து, கூரைகளைத் தாண்டி, மெக்சிகோ எல்லையிலுள்ள ஊரின் தெருக்களில் அந்தக் காரோடு நகர்கிறது. அதே தெருவில் புதிதாக மணமான கணவனும் மனைவியும் நடந்து வருகிறார்கள். கார் அவர்களைக் கடக்கிறது, எங்கோ நிற்கிறது, மறுபடியும் அவர்கள் அருகில் வருகிறது. மூன்று நிமிடத்துக்கும் மேல் ஒரு வெட்டுகூட இல்லை. ஆர்சன் வெல்ஸின் ‘டச் ஆஃப் ஈவில்’ (1958) படத்தின் இந்தத் தொடக்கத்தை ஒளிப்பதிவின் சாதனையாகவே பேசிவந்திருக்கிறார்கள். ஒலிக்கலையைப் புரிந்துகொள்ள அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. காரணம், அந்த ஒரே ஷாட்டுக்கு இரண்டு ஒலித்தடங்கள் இருக்கின்றன.

1958-இல் வெளியான பிரதியில் ஷாட் முழுவதும் ஹென்றி மான்சினியின் இசை ஓடுகிறது. பொங்கோ தாளமும் ஊதுகருவிகளும் முழங்க, படத்தின் மீது பெயர்கள் வந்து போகின்றன. வெல்ஸ் கேட்டது இதையல்ல. படத்தை அவர் கையிலிருந்து எடுத்துக்கொண்ட யூனிவர்சல் நிறுவனம் வேறு இயக்குநரை வைத்துச் சில காட்சிகளைப் படமாக்கித் தன் விருப்பப்படி தொகுத்தது. அந்தப் பிரதியை ஒருமுறை பார்த்துவிட்டு வெல்ஸ் 58 பக்கங்களுக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தார். எந்தக் காட்சி எங்கே வரவேண்டும், எந்த ஒலி எங்கே அடங்கவேண்டும் என்று கெஞ்சாமலும் சீறாமலும் பொறுமையாக விளக்கும் குறிப்பு அது. அதில் பெரும்பகுதியை ஸ்டுடியோ பொருட்படுத்தவில்லை. 1985-இல் வெல்ஸ் காலமானார். 1998-இல் அந்தப் பக்கங்களை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு ஒலிக்கலைஞர் வால்டர் மர்ச் படத்தை மறுபடியும் தொகுத்தார்.

புதிய பிரதியில் மான்சினியின் இசையும் பெயர் வரிசையும் அந்த ஷாட்டிலிருந்து அகற்றப்பட்டன. தெருவின் ஒவ்வொரு மதுக்கூடத்திலிருந்தும் ஒவ்வொரு விதமான இசை வருகிறது. வெடிகுண்டு வைத்த காருக்குள் ரேடியோ பாடிக்கொண்டிருக்கிறது. கார் ஃபிரேமை விட்டு வெளியே போனால் ரேடியோவின் ஒலி தேய்கிறது. கணவனும் மனைவியும் பேசிக்கொண்டே நடக்கும்போது அதே பாட்டு மெல்ல வலுக்கிறது. குண்டு பக்கத்தில் வந்துவிட்டது என்று நம் காது நமக்குச் சொல்கிறது. கண்ணுக்கு அது இன்னும் தெரியவில்லை.

கேமரா அசைவோ நடிப்போ கொஞ்சமும் மாறவில்லை. ஆனால் நாம் நிற்கும் இடம் மாறிவிட்டது. முதல் பிரதியில் நாம் அரங்கில் உட்கார்ந்து ஆபத்தை வேடிக்கை பார்க்கிறோம்; ஆபத்து வருகிறது என்று இசை நமக்கு அறிவிக்கிறது. இரண்டாவது பிரதியில் நாம் அந்தத் தெருவில் நிற்கிறோம். ஒலி வடிவமைப்பில் மற்றெல்லாக் கேள்விகளுக்கும் முன்னால் எழும் கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன்: இந்தக் கணத்தில் யாருடைய காதால் கேட்கிறோம்? அது தெளிவானால் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பது தானாக வந்துவிடும். தெளிவாகாவிட்டால், எத்தனை ஸ்பீக்கர்களை மாட்டினாலும் அரங்கில் சத்தம் மட்டுமே மிஞ்சும்.

வால்டர் மர்ச் 1943-இல் நியூயார்க்கில் பிறந்தவர். தந்தை ஓவியர். சிறு வயதில் கைக்கு வந்த டேப் ரெக்கார்டர் அவரைப் பிடித்துக்கொண்டது. ஜன்னலுக்கு வெளியே மைக்கை நீட்டி நகரத்தைப் பதிவு செய்வார், டேப்பை வெட்டி ஒட்டித் தலைகீழாக ஓடவிடுவார். அப்படியொரு நாளில் வானொலியில் பிரான்சின் பியர் ஷெஃபேர், பியர் ஆன்றி ஆகியோரின் ஆக்கங்களைக் கேட்டார். வாத்தியங்களை விட்டுவிட்டு, பதிவு செய்த உலகத்து ஒலிகளையே வெட்டித் தொகுத்து இசையாக்கியவர்கள் அவர்கள். தன் விளையாட்டைப் பெரியவர்களும் விளையாடுகிறார்கள் என்பது அந்தச் சிறுவனுக்கு எவ்வளவு பெரிய தைரியம் தந்திருக்கும்! பிறகு கலிஃபோர்னியாவின் திரைப்படப் பள்ளியில் ஜார்ஜ் லூகாஸோடு படித்தார். 1969-இல் இயக்குநர் கொப்போலாவும் லூகாஸும் ஹாலிவுட்டை விட்டு விலகி சான் ஃபிரான்சிஸ்கோவில் ‘அமெரிக்கன் ஜோட்ரோப்’ நிறுவனத்தைத் தொடங்கியபோது மர்ச்சும் அவர்களோடு போனார்.

லூகாஸின் முதல் முழுநீளப் படமான ‘டிஎச்எக்ஸ் 1138’-க்கு (1971) ஒலி அமைக்கும்போது அவர் ஒரு விஷயத்தைக் கண்டுகொண்டார். அதில் இயந்திரக் காவலர்கள் வருகிறார்கள். அவர்களுடைய கனத்த காலடியோசையை உலோகக் காலணி மாட்டிக்கொண்டு தானே நடந்து பதிவு செய்தார். திரையில் ஓர் இயந்திரக் காவலர் நடந்தால் ஒவ்வோர் அடியும் ஓசையோடு இம்மி பிசகாமல் பொருந்தவேண்டும். இருவர் நடந்தாலும் இருவரின் அடிகளும் பொருந்தவேண்டும். மூவர் ஆனதும் நிலைமை மாறிவிடுகிறது. யார் காலடி எது என்று காதால் பிரித்தறிய முடிவதில்லை. ஓசை எப்படிப் பொருந்தினாலும், பொருந்தாவிட்டாலும், மனம் ஏற்றுக்கொள்கிறது. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே எங்கோ ஒரு கோடு இருக்கிறது. அதற்குள் தனித்தனி மனிதர்கள். அதைத் தாண்டினால் கூட்டம். இதை மர்ச் ‘இரண்டரை விதி’ என்று அழைத்தார்.

காலடிக்கு மட்டும் உரிய விதியல்ல இது. இரண்டு பேர் ஒரேநேரத்தில் பேசினால் இரண்டு பேச்சையும் ஓரளவு பின்தொடரலாம். மூன்றாவது பேச்சு சேர்ந்ததும் மூன்றுமே இரைச்சலாகிவிடும். கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் முழங்கும்போதும் பக்கத்தில் இருப்பவர் நம் பெயரைச் சொன்னால் நமக்குக் கேட்டுவிடுகிறது. ஏனென்றால் கேட்பது காது மட்டுமல்ல. மனமும் சேர்ந்துதான் கேட்கிறது. வேண்டாததை அது தள்ளிவிடுகிறது. மைக்குக்கு மனம் கிடையாது. கெட்டிமேளத்தையும் மின்விசிறியையும் நம் பெயரையும் அது ஒரே தட்டில் வைத்துத் தந்துவிடும். மனம் இயல்பாகச் செய்யும் தள்ளுதலையும் கொள்ளுதலையும் படத்துக்காக ஒருவர் உட்கார்ந்து கையால் செய்தாகவேண்டும். மிக்ஸிங் என்ற வேலையின் சாரம் இதுதான்.

அதன் உச்சபட்சச் சோதனை கொப்போலாவின் வியட்நாம் போர்ப் படமான ‘அபோகலிப்ஸ் நவ்’வில் (1979) வந்தது. பிலிப்பைன்ஸில் 238 நாள் படப்பிடிப்பு. பன்னிரண்டரை லட்சம் அடி ஃபிலிம், அதாவது 230 மணி நேரத்துக்கும் மேல். அதிலிருந்து சுமார் இரண்டரை மணி நேரப் படம். மர்ச் ஓராண்டு படத்தொகுப்பிலும் இன்னோர் ஆண்டு ஒலியிலும் செலவிட்டார். வாக்னரின் இசையை ஒலிபெருக்கிகளில் அலறவிட்டுக்கொண்டு ஹெலிகாப்டர்கள் கடலோரக் கிராமத்தைத் தாக்கும் காட்சியை எல்லாரும் அறிவார்கள். அந்த ரீலுக்கு மட்டும் 150-க்கும் மேற்பட்ட ஒலித்தடங்கள் சேர்ந்திருந்தன. அவற்றை ஆறு தொகுதிகளாகப் பிரித்துக் கலந்தார்கள்: வசனம், ஹெலிகாப்டர், வாக்னர், துப்பாக்கிச்சூடு, வெடிகள், காலடி முதலிய சில்லறை ஓசைகள். ஒவ்வொரு தொகுதியும் தனியே கேட்க அற்புதமாக இருந்தது. ஆறையும் சேர்த்து ஓடவிட்டபோது எதுவுமே கேட்கவில்லை, வெறும் இரைச்சல்.

மர்ச் கண்ட வழி எளிமையானது, ஆனால் மனவுறுதி வேண்டுவது. ஆறில் ஐந்துவரை தாங்கும். ஆறாவது வந்தால் எல்லாம் குலையும். எனவே ஒவ்வொரு கணத்திலும் ஏதாவது ஒன்றை விடவேண்டும். ஹெலிகாப்டர் வேண்டுமானால் காலடி போகட்டும். படைவீரன் ஒருவனின் பயந்த குரல் முக்கியமானால் வாக்னரே சற்று விலகட்டும். காட்சியின் அடையாளமே அந்த இசைதான், ஆனாலும் அது இல்லாத கணங்களைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. எல்லாம் ஒரேநேரத்தில் கேட்கிறது என்ற மயக்கம் நமக்குக் கடைசிவரை கலைவதில்லை. ஐந்து தாங்குவதற்கும் காரணம் இருக்கிறது. பேச்சை மனம் பொருளாகப் பிரித்தறிகிறது. இசையை நேரடியாக உணர்கிறது. காலடியும் வெடியும் இவற்றுக்கு நடுவில் எங்கோ நிற்கின்றன. ஒரே வகை ஒலிகளை அடுக்கினால் இரண்டரையில் முட்டிக்கொள்ளும். வகைகளைப் பரப்பி வைத்தால் கொள்ளளவு கூடும்.

அதே படத்தில் இதற்கு நேர்மாறான காட்சி ஒன்று உண்டு. என் பார்வையில் ஹெலிகாப்டர் காட்சியைவிட அது பெரிய சாதனை. டோ லுங் பாலத்தில் இரவுப் போர். வெளிச்சக் குண்டுகள், வெடிகள், டேப்பில் கதறும் கிட்டார், கூச்சல். இருளுக்குள் முள்வேலியருகே அடிபட்ட எதிரி ஒருவன் கத்திக்கொண்டிருக்கிறான். அவனைச் சுட ரோச் என்ற வீரனை அழைக்கிறார்கள். ரோச் இருளைக் கூர்ந்து பார்ப்பதில்லை, கேட்கிறான். அவன் கேட்கக் கேட்கப் போர் நம் காதிலிருந்தும் ஒவ்வொன்றாக விலகுகிறது. வேலியருகே கத்துபவனின் குரல் மட்டும் மிச்சம். திரையில் வெளிச்சக் குண்டுகள் எரிந்துகொண்டுதான் இருக்கின்றன, ஆனால் நாம் ரோச்சின் தலைக்குள் புகுந்துவிட்டோம். அவன் சுடுகிறான்; குரல் நின்றுபோகிறது. ஒரு மனிதன் எதுவாக மாறிப்போயிருக்கிறான் என்பதை ஒரு வரி வசனமும் இல்லாமல் சொல்லிவிட்ட இடம் அது.

படத்தின் தொடக்கத்திலும் இதே நுட்பம் இருக்கிறது. சைகோன் விடுதி அறையில் படுத்திருக்கிறான் கதைநாயகன் வில்லார்ட். ஹெலிகாப்டரின் இறக்கைச் சுழற்சி சின்தசைசரில் உருவாக்கப்பட்டு அரங்கைச் சுற்றி வருகிறது. மேலே மின்விசிறி சுழல்கிறது. ஜன்னலுக்கு வெளியே நகரத்து ஓசைகள். மெல்ல மெல்லப் போக்குவரத்துக் காவலரின் விசில் சில்வண்டாகிறது. கார் ஹாரன்கள் பறவைகளாகின்றன. அறை அப்படியே இருக்கிறது, அவன் காதில் காடு வந்துவிட்டது. 70 மி.மீ. பிரதிகளில் முன்னால் மூன்று, பின்னால் இடமும் வலமும் தனித்தனியாக இரண்டு, அடியதிர்வுக்கு ஒன்று என்று ஒலிகளைப் பிரித்த அந்த ஏற்பாடுதான் இன்று எல்லா அரங்குகளிலும் வீடுகளிலும் பழகிப்போன 5.1-இன் முன்மாதிரி. சிறந்த ஒலிக்கான ஆஸ்கரை மர்ச்சும் அவருடைய சகாக்கள் மூவரும் பெற்றார்கள்.

அவருடைய சாதனைகள் எல்லாவற்றுக்கும் இப்படிப் பெரிய ஏற்பாடு தேவைப்பட்டதில்லை. கொப்போலாவின் ‘தி காட்ஃபாதர்’ (1972) படத்தில் மைக்கேல் முதல் கொலையைச் செய்யும் உணவகக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். இசை இல்லை. எதிரே, அவன் கொல்லவந்த சொலாட்ஸோ இத்தாலிய மொழியில் ஏதோ பேசுகிறான். திரையில் மொழிபெயர்ப்பும் வருவதில்லை. கழிப்பறையில் மறைத்துவைத்த துப்பாக்கியை மைக்கேல் தேடும்போது எங்கோ ரயில் ஓடும் தடதடப்பு கேட்கிறது. நியூயார்க்கின் அந்தப் பகுதியில் தலைக்குமேல் தண்டவாளம் போவது வழக்கம், அதனால் நாம் வியப்பதில்லை. அவன் மேஜைக்குத் திரும்பி உட்கார்ந்ததும் அந்த ஒலி மறுபடி கிளம்பி, வளைவில் சக்கரம் தண்டவாளத்தோடு உரசும் கிறீச்சலாகி, பேச்சையே விழுங்கும் அளவுக்கு ஏறுகிறது. பிறகு குண்டுகள். ரயிலைப் படம் ஒருமுறைகூடக் காட்டுவதில்லை. உணவகத்தின் சூழலைக் கொண்டு பார்த்தால் அவ்வளவு சத்தம் நியாயமும் இல்லை. ஆனால் மைக்கேலின் மண்டைக்குள் அந்த நொடியில் அவ்வளவு சத்தம்தான் இருந்திருக்கும். அவன் கையிலிருந்து துப்பாக்கி விழுந்தபிறகுதான் நினோ ரோட்டாவின் இசை வருகிறது. வழக்கமான படமொன்றில் கொலைக்கு முன்பே வயலின்கள் நடுங்கத் தொடங்கியிருக்கும். அங்கே இசை நம்மைத் தயார்ப்படுத்தும். இங்கே ரயில் நம்மை நிராதரவாக விட்டுவிடுகிறது.

கொப்போலா இதற்கடுத்து எடுத்த ‘தி கான்வர்சேஷன்’ (1974) கேட்பதையே கதையாகக் கொண்ட படம். கான் திரைப்பட விழாவின் உயரிய விருதைப் பெற்றது. ஜீன் ஹேக்மன் நடித்த ஹாரி கால் ஒட்டுக்கேட்பதைத் தொழிலாகச் செய்பவன். சான் ஃபிரான்சிஸ்கோவின் யூனியன் சதுக்கத்தில் மதிய வேளைக் கூட்டத்துக்குள் சுற்றிச் சுற்றி நடக்கும் ஓர் ஆணும் பெண்ணும் பேசுவதைப் பல மைக்குகளால் பதிவு செய்கிறான். பிறகு தன் பட்டறையில் அந்த நாடாக்களை ஒன்றோடொன்று பொருத்தி, இரைச்சலை வடிகட்டி, புதைந்திருக்கும் ஒரு வாக்கியத்தை வெளியே எடுக்கிறான். வாய்ப்புக் கிடைத்தால் அவர் நம்மைக் கொன்றுவிடுவார் என்று அந்த ஆண் சொல்கிறான். பாவம், இந்த இருவரையும் யாரோ கொல்லப்போகிறார்கள் என்று ஹாரி நடுங்குகிறான். முடிவில் தெரிகிறது: கொலைகாரர்கள் அந்த இருவர்தான். வாக்கியத்தின் அழுத்தம் ‘கொல்’ என்ற இடத்தில் இல்லை, ‘நம்மை’ என்ற இடத்தில் இருந்திருக்கிறது. அவர் நம்மைக் கொல்லக்கூடியவர், ஆகவே நாம் முந்திக்கொள்ளலாம் என்பது அதன் பொருள். தன் அச்சத்தையும் குற்றவுணர்வையும் அதன்மேல் ஏற்றி ஹாரி தவறாகக் கேட்டுவிட்டான்.

இந்தத் திருப்பம் திரைக்கதையிலிருந்து அப்படியே வந்ததல்ல. தொகுப்பு மேஜையில் உருவானது. சதுக்கத்தில் பதிவான உரையாடலில் சில பகுதிகள் கெட்டிருந்தன. எனவே மர்ச் நடிகர்கள் இருவரையும் அமைதியான பூங்கா ஒன்றுக்கு அழைத்துப்போய் மறுபடி பேசவைத்துப் பதிவு செய்தார். நடிகர் ஃபிரெடரிக் ஃபாரஸ்ட் ஒருமுறை அழுத்தத்தை மாற்றிச் சொல்லிவிட்டார். அர்த்தம் திசைமாறுகிறது என்று மர்ச் அதை ஒதுக்கிவைத்தார். கொப்போலா ‘காட்ஃபாதர்’ இரண்டாம் பாகத்துக்குப் போய்விட, மர்ச் மாதக்கணக்கில் இந்தப் படத்தோடு போராடினார். ஹாரி எங்கே ஏமாந்தான் என்பது பார்வையாளர்களுக்கு விளங்கவில்லை என்பதே பெரிய சிக்கல். அப்போது அந்த ஒதுக்கிவைத்த பதிவு நினைவுக்கு வந்தது. படம் முழுக்க முதல் அழுத்தம், கடைசியில் மட்டும் இரண்டாவது அழுத்தம் என்று வைத்தார். சிக்கல் அவிழ்ந்தது.

இது ஏமாற்று வேலை என்று சொல்வோர் உண்டு. ஒரே நாடாவில் இருக்கும் வாக்கியம் எப்படி மாறும் என்ற கேள்வி நியாயமானதுதான். எனக்கு இந்தத் தேர்வு சரி என்றே படுகிறது. படம் நெடுக நமக்குக் கேட்டது நாடாவில் இருந்தது அல்ல, ஹாரிக்குக் கேட்டது. கடைசியில்தான் அவன் காது திருந்துகிறது.

படத்தொகுப்பாளரும் ஒலித்தொகுப்பாளரும் ஒரே ஆளாக இருந்ததால்தான் இது சாத்தியமானது. கொழும்பில் பிறந்த எழுத்தாளர் மைக்கேல் ஒண்டாட்ஜி தன் நாவலான ‘தி இங்கிலிஷ் பேஷன்ட்’ படமானபோது மர்ச்சைச் சந்தித்து, அவரோடு நடத்திய நீண்ட உரையாடல்களை 2002-இல் நூலாகவே வெளியிட்டார். நாவலாசிரியர் ஒருவர் எடிட்டரிடம் அவ்வளவு நேரம் உட்கார்ந்து கேட்டதற்குக் காரணம் இருக்கிறது: இருவரும் ஒரே வேலையைச் செய்கிறவர்கள். அந்தப் படத்துக்காக மர்ச் படத்தொகுப்புக்கும் ஒலிக்கும் சேர்த்து இரண்டு ஆஸ்கர்களை ஒரே இரவில் பெற்றார். நின்றுகொண்டே தொகுக்கும் பழக்கம் உள்ளவர் அவர். ஒலியில் இவ்வளவு ஆழ்ந்தவர் காட்சியை முதன்முதலில் தொகுக்கும்போது பெரும்பாலும் ஒலியை அணைத்துவிடுகிறார் என்பது கவனிக்க வேண்டியது. அப்போது காட்சி தனக்கு என்ன ஒலி வேண்டும் என்று கேட்கிறதோ அது மனத்துக்குள் கேட்கத் தொடங்கும். வெட்டு எங்கே விழவேண்டும் என்பதற்கு அவர் தரும் ஆறு அளவுகோல்களில் உணர்ச்சிக்கு மட்டும் 51 சதவீதம். இட ஒழுங்கு, பார்வைக் கோடு போன்ற இலக்கணங்கள் எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

யாருடைய காதால் கேட்கிறோம் என்ற கேள்வியை இந்தியாவிலும் கேட்டவர்கள் இருந்தார்கள், அதுவும் மிகக் குறைந்த கருவிகளோடு. சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யில் (1955) மகள் துர்கா இறந்தது தெரியாமல் ஹரிஹர் ஊர் திரும்புகிறார். அவளுக்கென்று வாங்கிவந்த சேலையை மனைவி சர்போஜயாவிடம் நீட்டுகிறார். அவள் அதை வாயில் பொத்திக்கொண்டு உடைந்துபோகிறாள். அவளுடைய அழுகுரல் நமக்குக் கேட்பதில்லை. அந்த இடத்தில் ரவிசங்கரின் இசையில் தார்ஷெனாய் வாத்தியம் மட்டும் உச்சத்தில் கதறுகிறது. நடிகையின் குரலை அப்படியே விட்டிருந்தால் ஒரு தாயின் அழுகையாக அது முடிந்திருக்கும். ரித்விக் கட்டக் ‘மேகே டாகா தாரா’வில் (1960) இன்னும் துணிந்தார். குடும்பத்துக்காகத் தேய்ந்துபோன நீதா பாடும்போது சாட்டையடி ஓசை விழுகிறது. திரையில் சாட்டை ஏதும் இல்லை. அடி விழுவது அவளுக்குள்.

தமிழுக்கு வருவோம். 1931-இல் ‘காளிதாஸ்’ பேசியபோது பேச்சும் பாட்டும் படப்பிடிப்பிலேயே பதிவாயின. 1938-இல் ஏ.வி. மெய்யப்பனின் ‘நந்தகுமார்’ பின்னணிப் பாடல் முறையைக் கொண்டுவந்தது. வீணைக் கலைஞரான எஸ். பாலசந்தர் 1954-இல் ‘அந்த நாள்’ படத்தைப் பாட்டே இல்லாமல் எடுத்தார். இசையில் ஊறியவரே பாட்டு வேண்டாம் என்றது தற்செயலல்ல. அமைதியின் மதிப்பு அவருக்குத் தெரிந்திருந்தது. 1970-களில் கேமரா ஸ்டுடியோவை விட்டு ஊர்ப்புறங்களுக்குப் போனது. கையில் தூக்கிச் செல்லத்தக்க ஆரிஃப்ளெக்ஸ் கேமரா இயங்கும்போது இரையும். சுற்றிலும் வேடிக்கை பார்க்கும் கூட்டம். எனவே படப்பிடிப்பில் பதிவாகும் குரல் வெறும் வழிகாட்டிதான். உண்மையான வசனம் டப்பிங் தியேட்டரில் பேசப்படும். காற்று, காலடி, பாத்திரச் சத்தம் எல்லாம் பிற்பாடு சேர்க்கப்படும்.

டப்பிங் முறையைத் தமிழ் சினிமாவின் குறையாகச் சொல்வது வழக்கம். நான் அப்படி நினைக்கவில்லை. இத்தாலியப் படங்களும் நெடுங்காலம் அப்படித்தான் எடுக்கப்பட்டன. ஃபெலினி அதைத் தன் கற்பனைக்கு வசதியாகவே கருதினார். ‘தி கான்வர்சேஷன்’ படத்தின் அந்த வாக்கியமும் பிற்பாடு பேசவைத்துப் பதிவு செய்ததுதானே! டப்பிங் என்றால் ஒலித்தடம் முழு வெறுமையிலிருந்து தொடங்குகிறது. யார் காதால் கேட்கவேண்டும் என்று தீர்மானிக்க இதைவிடப் பெரிய சுதந்திரம் வேறு எது? அந்தச் சுதந்திரத்தை நாம் பெரும்பாலும் பின்னணி இசைக்கே எழுதிக் கொடுத்துவிட்டோம் என்பதுதான் என் வருத்தம். சோகம் வந்தால் புல்லாங்குழல், பகை வந்தால் இடிமுழக்கம். இசை மேதைகள் நமக்கு வாய்த்தார்கள். அவர்கள் மௌனமாக இருக்கக்கூடிய இடத்தை நாம் அவர்களுக்குத் தரவில்லை.

டப்பிங்கில் உண்மையிலேயே தொலைந்துபோனது தூரம். வயற்காட்டின் மறுகோடியில் நிற்பவரும் பக்கத்தில் நிற்பவரும் ஒரே மைக்கின் முன் ஒரே நெருக்கத்தில் பேசுகிறார்கள். குரலைச் சுற்றி இடமே இருப்பதில்லை. இதற்கு மருந்து உண்டு. ‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ (1973) படத்தின் வானொலிப் பாடல்கள் ஊர்த் தெருவில் ஒலிப்பதுபோல் வேண்டும் என்று மர்ச்சும் லூகாஸும் ஒரு வீட்டின் புறக்கடைக்குப் போனார்கள். ஒருவர் ஸ்பீக்கரில் பாட்டை ஓடவிட்டு அதை இங்குமங்கும் திருப்ப, மற்றவர் தள்ளி நின்று மைக்கை அசைத்தபடி மறுபடி பதிவு செய்தார். சுத்தமான பதிவையும் காற்றோடு கலந்த பதிவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, காட்சிக்கு வேண்டிய தூரத்தைக் கலவையால் கூட்டியும் குறைத்தும் கொண்டார்கள். ‘டச் ஆஃப் ஈவில்’ கார் ரேடியோவில் 25 ஆண்டுகளுக்குப்பின் இதே அறிவுதான் வேலை செய்தது. இதற்கு ஒரு ஸ்பீக்கரும் ஒரு மைக்கும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

தொழில்நுட்பத்தில் நாம் பின்தங்கவில்லை. ‘குருதிப்புனல்’ (1995) டால்பி ஒலியோடு வந்தது. ‘லகான்’ (2001) இந்தியிலும் ‘விருமாண்டி’ (2004) தமிழிலும் படப்பிடிப்பிலேயே வசனத்தைப் பதிவு செய்து காட்டின. எச். ஸ்ரீதர் போன்ற ஒலிப்பதிவாளர் ‘மகாநதி’யிலும் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்திலும் தேசிய விருது பெறும் தரத்தில் பணியாற்றினார்; 2008-இல் நம்மைவிட்டுப் போய்விட்டார். 2009 முதல் 2021 வரையிலான படங்களுக்குத் தேசிய விருதுகளிலும் படப்பிடிப்புப் பதிவு, ஒலி வடிவமைப்பு, இறுதிக் கலவை என்று மூன்றாகப் பிரித்து மதித்தார்கள். குறைவது நேரம். ‘அபோகலிப்ஸ் நவ்’ ஒலிக்கு ஓராண்டு கிடைத்தது. இங்கே வெளியீட்டுத் தேதி முதலில் முடிவாகிறது, மீந்த நாள்கள் ஒலிக்கு. திரைக்கதை எழுதும் மேஜைக்கு ஒலிக்காரரை யாரும் கூப்பிடுவதில்லை. தண்டவாளம் தலைக்குமேல் போகிற ஊரில்தான் ‘காட்ஃபாதர்’ உணவகம் இருக்கிறது என்று தெரிந்தால்தான் ரயிலை வரவழைக்க முடியும்.

எழுதும்போதே ஒலியைக் கேட்ட தமிழ்ப் படம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. பார்த்திபனின் ‘ஒத்த செருப்பு சைஸ் 7’ (2019). திரையில் அவர் ஒருவர்தான். கொலைச் சந்தேகத்தில் காவல் நிலையத்துக்கு அழைத்துவரப்பட்ட மாசிலாமணியாக அவர் இருக்க, விசாரிக்கும் அதிகாரிகள், நோயுற்ற மகன், மனைவி என்று மற்ற எல்லாரும் குரல்கள் மட்டுமே. முகமில்லாத அந்த மனிதர்கள் அறைக்குள் எங்கே நிற்கிறார்கள், எப்போது நெருங்குகிறார்கள், எப்போது முதுகைக் காட்டுகிறார்கள் என்பதை நாம் குரலின் தூரத்தாலும் திசையாலும்தான் அறியவேண்டும். நினைவுகளையும் காட்சியாகக் காட்டாமல் ஒலியாகவே தருகிறார்கள். இறுதிக் கலவைக்கான தேசிய விருது ரசூல் பூக்குட்டிக்குக் கிடைத்தது. ஓரிரு இடங்களில் பின்னணி இசை இன்னும் சற்று ஒதுங்கியிருக்கலாம் என்று தோன்றியதுண்டு. ஆனால் கதையின் முதல் வரியிலேயே ஒலியை நம்பிய படம் அது: பக்கத்து அறையில் இருக்கும் மகனின் குரல் எழும்போதெல்லாம் மாசிலாமணியின் பேச்சு அறுந்து தலை அந்தப் பக்கம் திரும்புகிறது, அவனுக்கு முன்னாலேயே நம் தலையும்.